டெலமியரின் மூக்கு

கென்யாவில் குடியேறிய வெள்ளைக்காரர்களுக்கெல்லாம் தலைவராக இருந்தவரின் குடும்பப் பெயர் சோல்மோன்டெலி. அப்படி வாசித்தால் தப்பு. ஆங்கிலத்தில் பன்னிரண்டு எழுத்தைப் போட்டு எழுதிவிட்டு, வாயால் ‘சம்லி’ என்று மட்டும் சொல்ல வேண்டும். பாதி எழுத்து எந்த வேலையும் செய்யாமல் தரிசாகக் கிடக்கும். ஆனாலும் பட்டா அவர்கள் பெயரில்தான். இந்தக் குடும்பம் ஆப்பிரிக்காவுக்குப் போய் நிலத்தை என்ன செய்தது என்று விளங்கிக்கொள்ள வேறு ஆராய்ச்சி வேண்டியதில்லை.

ஹ்யூ சம்லி, மூன்றாம் டெலமியர் பிரபு. பிறந்தது 1870. தகப்பனார் போன பிறகு 17 வயதில் பட்டமும், செஷயரில் வேல் ராயல் என்ற மாளிகையும், அதைச் சுற்றியிருந்த பண்ணைகளும் கைக்கு வந்தன. வேல் ராயல் ஒரு காலத்தில் மடம். மன்னர் எட்டாம் ஹென்றி துறவிகளை விரட்டிவிட்டு மடத்துச் சொத்தை எடுத்துக்கொண்டார். அது கைமாறிக் கைமாறி 17ஆம் நூற்றாண்டில் சம்லி குடும்பத்திடம் வந்து சேர்ந்தது. சிவன் சொத்து குலநாசம் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். செஷயரில் சிவன் இல்லை. குலம் தழைத்தது.

இருபது வயதில் பிரபுவுக்கு இங்கிலாந்து சலித்துவிட்டது. சோமாலிலாந்துக்குச் சிங்க வேட்டைக்குக் கிளம்பினார். ஒரு தடவை போனார், மறு தடவை போனார், விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். 1894இல் ஒரு சிங்கம் அவர் காலைக் கவ்வி நொறுக்கியது. துப்பாக்கி தூக்கி வந்த அப்துல்லா அஷூர் என்ற சோமாலி வெறுங்கையோடு சிங்கத்தின் மேல் பாய்ந்து பிரபுவைக் காப்பாற்றினார். வாழ்நாள் முழுக்க டெலமியர் நொண்டி நடந்தது அந்தக் கடியால்தான். ஆப்பிரிக்காவில் அவரைத் தடுத்து நிறுத்த முயன்ற முதல் அதிகாரி அந்தச் சிங்கம். பிறகு வந்த கவர்னர்களில் ஒருவருக்கும் அந்த அளவு பல் இல்லை.

1897 வாக்கில் ஒட்டகக் கூட்டத்தோடு எத்தியோப்பியா வழியாகத் தெற்கே இறங்கி, இன்றைய கென்யாவின் மலைநாட்டைப் பார்த்தார். குளிர்ந்த காற்று, புல், ஓடை. முக்கியமாக, ஆள் அதிகம் இல்லை. வந்து பார்த்த வெள்ளைக்காரர் எல்லோரும் இதைத்தான் முதலில் குறித்துக்கொண்டார்கள்: ஆள் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டவர் குறைவு. 1890களின் தொடக்கத்தில் மாட்டுக் கொள்ளைநோய் வந்து மாசாய் மக்களின் மந்தைகளைத் துடைத்துவிட்டது. பின்னாலேயே அம்மை. அதன் பின்னாலேயே பஞ்சம். அந்தக் காலத்துக்கு மாசாய் மொழியில் ‘எமுடாய்’ என்று பெயர். துடைத்தழிப்பு என்று அர்த்தம். சாவு விழுந்த வீட்டில் ஆள் குறைவாக இருந்ததைப் பார்த்து, வீடு காலி என்று முடிவு கட்டியவர்கள்தான் பின்னால் வரலாற்றில் ‘முன்னோடிகள்’ ஆனார்கள்.

அந்த நாட்டுக்கு அப்போது வைத்திருந்த பெயர் ‘கிழக்கு ஆப்பிரிக்கப் பாதுகாப்பு நாடு’. யாரை யாரிடமிருந்து பாதுகாப்பது என்று பெயர்ப்பலகையில் எழுதவில்லை. மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிவரை 1896இல் தொடங்கி 1901இல் ரயில் பாதை போட்டு முடித்தார்கள். போட்டவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட கூலிகள். 32,000 பேருக்குக் குறையாது. ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே மண்ணாகிப் போனார்கள். செலவு 50 லட்சம் பவுனைத் தாண்டியது. இவ்வளவு காசைக் கொட்டிவிட்டு, ரயிலில் ஏற்ற ஒரு மூட்டைச் சரக்கு இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. அங்கிருந்தவர்கள் தங்களுக்கு வேண்டியதை விளைவித்துத் தாங்களே தின்றுகொண்டிருந்தார்கள். பேரரசின் பார்வையில் அது பெருங்குற்றம். ஆணையர் சார்லஸ் எலியட் ஒரு வழி கண்டுபிடித்தார்: வெள்ளைக்காரர்களைக் கொண்டுவந்து குடியேற்று, அவர்கள் விளைவிப்பார்கள், ரயில் சுமக்கும். பாலம் கட்டிவிட்டு ஆற்றைத் தேடிய கதை.

டெலமியர் விண்ணப்பம் போட்டார். முதலில் கேட்ட இடம் கிடைக்கவில்லை; இன்னொரு இடம் கேட்டார், அதுவும் இல்லை. மூன்றாவதாக 1903இல் நிஜோரோ பக்கத்தில் 1,00,000 ஏக்கர் கொடுத்தார்கள். ஒரு லட்சம். நம் பழைய கணக்கில் பதினைந்தாயிரம் வேலி. 99 ஆண்டுக் குத்தகை, ஆண்டுக்கு வாடகை 200 பவுன். வகுத்துப் பாருங்கள், ஏக்கருக்கு அரைப் பென்னிகூட வராது. ஐந்து ஆண்டுக்குள் 5,000 பவுன் செலவழித்து நிலத்தைத் திருத்த வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் உண்டு. தலைமுறை தலைமுறையாக அந்தப் பக்கமெல்லாம் மாடு மேய்த்தவர்களிடம் யாரும் விண்ணப்பம் கேட்கவில்லை. மாசாய்க்காரனிடம் பட்டா இல்லை. பட்டா இல்லாத நிலம் புறம்போக்கு. புறம்போக்கு சர்க்காருக்குச் சொந்தம். சர்க்கார் எப்போது வந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது.

பிரபு அங்கே வந்து குடியேறிய அதே 1903இல், ரஷ்யாவில் அடிபட்டுக்கொண்டிருந்த யூதர்களுக்கு உவாசின் கிஷு மேட்டுநிலத்தில் இடம் கொடுக்கலாமா என்று லண்டனில் காலனி மந்திரி ஜோசப் சேம்பர்லினுக்கு ஒரு யோசனை வந்தது. டெலமியர் கொதித்தெழுந்தார். நம் நாட்டில் அந்நியரைக் கொண்டுவந்து இறக்குவதா என்று லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்குத் தந்தி அடித்தார். நம் நாடு! பெட்டி படுக்கையைப் பிரித்து முழுசாக ஓர் ஆண்டு ஆகவில்லை.

சரி, விவசாயத்துக்கு வருவோம். வரலாற்று நூல்கள் அவரை ‘முன்னோடி விவசாயி’ என்கின்றன. விவசாயி என்றால் நமக்கு மனதில் வருவது கோவணம், கடன், வானத்தைப் பார்த்து நிற்கிற முகம். டெலமியருக்குக் கடன் இருந்தது. வானத்தையும் பார்த்தார். கோவணம்தான் இல்லை, அது மற்றவர்களுக்கு மிஞ்சியது.

முதலில் ஆடு. நியூசிலாந்திலிருந்து மெரினோ ஆடுகள் கப்பலேறி வந்தன. நிஜோரோ மண்ணில் தாதுச் சத்து போதாது. புல் பசேல் என்று இருக்கும், தின்ற ஆடு மெலியும். கொத்துக் கொத்தாகச் செத்தன. சரி, மாடு. உண்ணி கடித்துக் காய்ச்சல் வந்தது, மாடுகள் போயின. க்ளோவர் என்ற இங்கிலாந்துத் தீவனப் பயிரை விதைத்தார். மகரந்தம் சேர்க்கத் தோதான தேனீ இல்லை என்று இங்கிலாந்திலிருந்து தேனீயையும் வரவழைத்தார். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. ஆள் இங்கிலாந்து, ஆடு நியூசிலாந்து, புல் இங்கிலாந்து, தேனீ இங்கிலாந்து. ஆப்பிரிக்காவிலிருந்து எடுத்துக்கொண்டது நிலமும் கூலியாளும் மட்டும்தான். பிறகு தீக்கோழி வளர்த்தார், சீமாட்டிகளின் தொப்பிக்கு இறகு விற்க. மோட்டார் கார் வந்தது. காற்றில் பறக்கிற காரில் இறகுத் தொப்பி நிற்குமா? சீமாட்டிகள் தொப்பியை மாற்றினார்கள், தீக்கோழி வியாபாரம் படுத்தது. கோதுமை போட்டார், துரு நோய் வந்து வயல் முழுக்க நாசமாயிற்று.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். மனிதர் அசரவில்லை. சொந்தக் காசில் ஆராய்ச்சியாளரை வைத்து, துரு நோயைத் தாங்கும் கோதுமை ரகம் தேடினார். 1908இல் ‘உங்கா’ என்று ஒரு மாவு ஆலை வைத்தார். சுவாஹிலியில் உங்கா என்றால் மாவு. பிரபுவாக இருந்தும் வெகுகாலம் புல் வேய்ந்த மண் குடிசையில்தான் குடியிருந்தார், உள்ளே மாளிகைச் சாமான்களை அடுக்கிக்கொண்டு. செஷயர் சொத்தை அடகு வைத்தார், கடன் மேல் கடன் வாங்கினார். இதையெல்லாம் சொல்லி அவர் அபிமானிகள் உருகுவார்கள்: எத்தனை தோல்வி, எத்தனை விடாமுயற்சி!

அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. லட்சம் ஏக்கரை வைத்துக்கொண்டு ஆட்டில் தோற்று, மாட்டில் தோற்று, தீக்கோழியில் தோற்று, கோதுமையில் தோற்றவர் முன்னோடி. ஒரு பயிரும் கைகூடாத அந்த நாட்களில் 1906 வாக்கில் எல்மென்டைட்டா ஏரிக்கரையில் சொய்சாம்பு என்று இன்னொரு பண்ணையும் வந்து சேர்ந்தது. அது இன்னும் ஐம்பதாயிரம் ஏக்கர் போல. நாலு ஏக்கரில் தினை விதைத்துப் பிள்ளைகுட்டிகளை வளர்த்த கிகூயு இனத்துப் பெண் சோம்பேறி. நிலத்தைப் பயன்படுத்தத் தெரியாதவள். அவள் ஒரு போகம் தவறினால் பஞ்சம், பிரபு பத்துப் போகம் தவறினால் பரிசோதனை. தோற்பதற்கும் ஒரு வசதி வேண்டும் போலிருக்கிறது.

மாசாய் மக்களிடம் டெலமியருக்குப் பாசம் உண்டு, பொய்யில்லை. அவர்கள் மொழியைப் பேசுவார். அவர்களைத்தான் மேய்ப்பர்களாக வைத்துக்கொண்டார். காலையில் கிராமபோனில் மார்கேட் கடற்கரையைப் பற்றிய ஒரு மெட்டுப் பாட்டைப் போட்டுக் காட்டுவாராம். அவர்கள் அவருடைய மாட்டைத் திருடினால்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். மாசாய் என்றால் அப்படித்தான் என்று ரசிப்பார். அவர்கள் மாட்டைத் திருடியது குறும்பு. அவர்கள் நிலம் போனது நிர்வாகம்.

அந்த நிர்வாகத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1904இல் மாசாய்த் தலைவர்களோடு ஓர் ஒப்பந்தம். ரயில் ஓடுகிற பிளவுப் பள்ளத்தாக்கை விட்டு நகர்ந்துகொள்ளுங்கள், லைக்கிப்பியாவில் ஒரு பகுதி, தெற்கே ஒரு பகுதி, இரண்டையும் மாசாய் இனம் உள்ளவரை உங்களுக்கே விடுகிறோம் என்று எழுதினார்கள். ஏழு ஆண்டு ஆயிற்று. லைக்கிப்பியாவிலும் நல்ல புல் இருப்பதைக் குடியேறிகள் கண்டுகொண்டார்கள். 1911இல் இரண்டாம் ஒப்பந்தம்: லைக்கிப்பியாவையும் காலி செய்து தெற்கே போங்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களும் லட்சக்கணக்கில் ஆடுமாடுகளும் மழையிலும் குளிரிலும் மலை தாண்டி நடந்தன. வழியில் விழுந்தவை வழியிலேயே கிடந்தன. இனம் உள்ளவரை என்று எழுதிய இனம் இன்றும் இருக்கிறது.

அவர்கள் வழக்குப் போட்டார்கள். ஆம், ‘நாகரிகம் தெரியாத’ மேய்ச்சல்காரர்கள் வக்கீல் வைத்து, வெள்ளைக்காரன் கொண்டுவந்த கோர்ட்டிலேயே வெள்ளைக்காரன் எழுதிய கடுதாசியைக் காட்டி நியாயம் கேட்டார்கள். 1913இல் தீர்ப்பு. நீங்கள் பிரிட்டிஷ் பிரஜைகள் அல்ல. பாதுகாப்பு நாட்டில் வாழும் அந்நியர். ஒப்பந்தம் என்பது இரண்டு அரசுகள் தங்களுக்குள் செய்துகொண்டது. அதை மீறினால் எங்கள் நீதிமன்றத்தில் கேட்க முடியாது. தள்ளுபடி. நிலத்தைக் கேட்டால் உனக்கு அரசும் இல்லை, உரிமையும் இல்லை என்பார்கள். நீதியைக் கேட்டால் நீ தனி அரசு அல்லவா என்பார்கள். இப்படி ஒரு மரியாதை மாசாய் மக்களுக்கு அதற்கு முன்னும் கிடைக்கவில்லை, பின்னும் கிடைக்கவில்லை. 1921இல் தலைமை நீதிபதி மிச்சம் மீதியையும் துப்புரவாக முடித்து வைத்தார்: ஆப்பிரிக்கர்கள் தங்கள் சொந்த நிலத்தில் மன்னரின் தயவில் ஒட்டியிருக்கும் குத்தகைக்காரர்கள், எப்போது வேண்டுமானாலும் எழுப்பிவிடலாம்.

நிலம் வந்துவிட்டது. உழுவது யார்? முன்னோடி விவசாயி உழுவார் என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு முன்னோடி என்றால் என்னவென்று தெரியவில்லை. முதலில் குடிசை வரி. பிறகு தலை வரி. வரியைக் காசாகக் கட்ட வேண்டும்; காசு வெள்ளைக்காரன் பண்ணையில் கூலி செய்தால்தான் கிடைக்கும். அப்படியும் ஆள் போதவில்லை. 1912இல் கூலியாள் பற்றாக்குறையை விசாரிக்க ஓர் ஆணையம் உட்கார்ந்தது. அதன் முன் டெலமியர் சாட்சி சொன்னார். பூசி மெழுகவில்லை, அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. ஆப்பிரிக்கன் ஒவ்வொருவனுக்கும் பிழைக்கப் போதுமான நிலம் இருக்கும்வரை கூலியாள் பிரச்சினை தீரவே தீராது என்றார். ஆகவே அவர்களுக்கென ஒதுக்கிய நிலத்தைக் குறைக்க வேண்டும். பசித்தால் வருவான். பொருளாதாரம் படித்தவர்கள் இதே விஷயத்தை ஒரு பெரிய புத்தகமாக எழுதிப் புரியாமல் செய்திருப்பார்கள். பிரபு இரண்டு வாக்கியத்தில் முடித்தார்.

அதன் பிறகு சட்டங்கள் வரிசையாக வந்தன. பண்ணைக்குள் குடியிருப்பவன் ஆண்டுக்கு 180 நாள் முதலாளிக்கு வேலை செய்ய வேண்டும் என்று 1918இல் ஒன்று. ஆப்பிரிக்கன் காப்பிச் செடி வைக்கக் கூடாது. வைத்தால் நோய் பரவும், தரம் கெடும் என்றார்கள். அவன் கையால் பறித்தால் தரம் கெடாது, அவன் பெயரில் விளைந்தால் கெட்டுவிடும். ‘கிபாண்டே’ என்று ஓர் அடையாளச் சீட்டு: பெயர், கைரேகை, எந்த எஜமானிடம் என்ன கூலிக்கு வேலை, எப்போது விட்டான், எல்லாம் எழுதி ஒரு தகரக் குப்பியில் போட்டுக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிய வேண்டும். ஆட்டுக்கு மணி கட்டுவது மாதிரி. ஆடு தப்பிப் போனால் தேடி வருவார்கள்; ஆள் தப்பிப் போனால் ஜெயில்.

அரசியலும் இதே வேகத்தில் நடந்தது. குடியேறிகள் சங்கத்துக்கு டெலமியர் தலைவர். 1907இல் சட்டசபை அமைந்ததும் உள்ளே போனார். மறு ஆண்டே, கூலிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கச் சர்க்கார் தயங்குகிறது என்று ஒரு கும்பலைத் திரட்டிக்கொண்டு கவர்னர் ஜேம்ஸ் சாட்லரின் மாளிகை வாசலில் நின்று, ராஜினாமா செய் என்று கூச்சல் போட்டார். சபையிலிருந்து கொஞ்ச காலம் டெலமியரை நீக்கி வைத்தார்கள். பிறகு திரும்ப வந்துவிட்டார். கறுப்பன் பத்துப் பேர் கவர்னர் வாசலில் நின்றால் அதற்குப் பெயர் கலகம். வெள்ளையன் நின்றால் தூதுக்குழு.

நைரோபியில் நார்ஃபோக் என்று ஒரு ஓட்டல். 1904 கிறிஸ்துமஸ் அன்று திறந்தார்கள். பிரபு அதன் சாப்பாட்டுக் கூடத்துக்குள் குதிரையை விட்டு மேசைகளைத் தாண்ட வைத்த கதையை அவர் அபிமானிகளே ஆசையோடு எழுதி வைத்திருக்கிறார்கள். தெரு விளக்குகளைச் சுட்டு அணைத்தாராம். மதுக்கடையை மூடும் நேரமாயிற்று என்ற மேலாளரை, அறுத்த ஆடுகள் தொங்குகிற இறைச்சி அறைக்குள் போட்டுப் பூட்டினார்களாம். என்ன கலகலப்பான மனுஷர்கள்!

அதே நார்ஃபோக் ஓட்டல் தாழ்வாரத்தை இன்னொரு நாளும் பார்க்க வேண்டும். 1922 மார்ச் 16. கூலியில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்ததையும் கிபாண்டேயையும் எதிர்த்துப் பேசியதற்காக ஹாரி துகு என்ற இளைஞரைப் பிடித்து எதிரே இருந்த போலீஸ் நிலையத்தில் வைத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கில் கூட்டம். ஆண்கள் தயங்கி நிற்பதைக் கண்டு மேரி முதோனி ஞஞ்சிரு என்ற பெண், என் உடையை வாங்கிக் கட்டிக்கொண்டு உங்கள் கால்சட்டையைக் கொடுங்கள் என்று முன்னால் பாய்ந்தாள். போலீஸ் சுட்டது. ஓட்டல் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைக் குடியேறிகளும் சேர்ந்து சுட்டார்கள். யாரும் அவர்களுக்கு உத்தரவு போடவில்லை. கையில் துப்பாக்கி இருந்தது, எதிரே கூட்டம் இருந்தது. அரசாங்கத்தின் சொந்தக் கணக்கிலேயே இருபதுக்கு மேல் பிணம் விழுந்தது. ஞஞ்சிருவும் அதில் ஒருத்தி. டெலமியர் அன்று அந்தத் தாழ்வாரத்தில் இருந்தார் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தாழ்வாரத்துக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்றுதான் சொல்கிறேன். தெரு விளக்கைச் சுட்டால் சிரிக்கிற ஊரில் குறி எதுவரை போகும்?

அடுத்த ஆண்டு நடந்ததில் நம் ஊர்க்காரர் ஒருவரும் வருகிறார். 1921 கணக்கெடுப்பில் கென்யாவில் வெள்ளையர் 9,651 பேர். இந்தியர் 22,822 பேர். ரயில் பாதை போட்டவர்களின், கடை வைத்தவர்களின் கூட்டம். தங்களுக்கும் சமமாக ஓட்டு வேண்டும், மலைநாட்டில் நிலம் வாங்க உரிமை வேண்டும் என்றார்கள். குடியேறிகள் சதித் திட்டமே போட்டார்கள்: ரயிலையும் தந்தியையும் கைப்பற்றுவது, கவர்னர் கோரிண்டனைக் கடத்திக்கொண்டுபோய் ஒரு பண்ணையில் அடைப்பது. அந்தப் பண்ணைப் பக்கம் நல்ல மீன் கிடைக்குமாம். கவர்னருக்குத் தூண்டில் போடப் பிடிக்கும் என்பதால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்களாம். ராஜத்துரோகத்தில்கூட விருந்தோம்பல்.

காலனி அலுவலகம் இரு தரப்பையும் லண்டனுக்குக் கூப்பிட்டது. குடியேறிகள் தரப்புக்கு டெலமியர். இந்தியச் சட்டசபைத் தூதுக்குழுவின் தலைவராக வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. இருவருக்கும் வயது வித்தியாசம் ஓர் ஆண்டுகூட இல்லை. ஒருவர் 17 வயதில் மாளிகையை வாங்கிக்கொண்டவர். மற்றவர் ஏழைப் புரோகிதர் மகன், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து மேலே வந்தவர். சாஸ்திரியின் ஆங்கிலத்தை ஆங்கிலேயர்களே வாய் பிளந்து கேட்டார்கள். பேரரசின் பிரஜைகள் எல்லோரும் சமம் என்று அந்தப் பேரரசு சொன்னதை உண்மையிலேயே நம்பிய மனிதர் அவர். பாவம்.

1923 ஜூலையில் காலனி மந்திரி டெவன்ஷயர் பிரபு தீர்ப்புச் சொன்னார். கென்யா ஆப்பிரிக்கர் நாடு, ஆப்பிரிக்கர் நலமே எல்லாவற்றுக்கும் மேலானது! கேட்கவே எவ்வளவு குளிர்ச்சி. அந்த மேலான நலத்தின்படி, சபையில் வெள்ளையருக்கு 11 இடம், இந்தியருக்கு 5 இடம், அராபியருக்கு ஒன்று. ஆப்பிரிக்கருக்காகப் பேச ஒரு பாதிரியாரை நியமிப்பார்கள். மலைநாடு பழையபடி வெள்ளையருக்கே. நாடு யாருடையது என்று அறிவித்தார்களோ அவர்களில் ஒருவர் அந்தச் சபைக்குள் உட்கார 1944 ஆயிற்று. சாஸ்திரி மனம் உடைந்து போனார். அடுத்த ஆண்டு நடக்க இருந்த பேரரசுக் கண்காட்சியை இந்தியா புறக்கணிக்க வேண்டும் என்றார். நம்மவர் தோற்றதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் அந்த மேசையில் வழக்கு என்ன? பறித்த வயலில் எனக்கும் ஒரு பங்கு என்பது. வயல்காரனைப் பந்தியில் உட்கார வைக்க வேண்டும் என்று எங்கள் பக்கமும் அன்று யாரும் மேசையைத் தட்டவில்லை. டெலமியரைத் திட்டுகிற வேகத்தில் இதை விழுங்கிவிட மனம் வரவில்லை.

1931 நவம்பரில் டெலமியர் இறந்தார். சொய்சாம்பு பண்ணையில் ஏரியைப் பார்த்துப் புதைத்தார்கள். வங்கிகளுக்குப் பாக்கி 5 லட்சம் பவுன். தியாகத்துக்குச் சாட்சியாக இந்தத் தொகையை இன்றும் காட்டுகிறார்கள். 1935இல் எல்ஸ்பெத் ஹக்ஸ்லி இரண்டு பாகத்தில் அவர் வாழ்க்கையை எழுதினார். நூலின் பெயர் ‘வெள்ளையன் நாடு’. கேலி என்று நினைக்காதீர்கள், பெருமையாகத்தான் வைத்தார். நைரோபியின் பெரிய சாலைக்கு டெலமியர் பெயர். சாலையில் 1939இல் சிலை.

1963இல் சுதந்திரம் வந்தது. சாலை கென்யாட்டா சாலை ஆயிற்று. சிலையைப் பெயர்த்து எடுத்தார்கள். நிலத்தைப் பெயர்க்க அவ்வளவு சுலபமாக முடியவில்லை. 1915 சட்டத்தில் 99 ஆண்டுக் குத்தகையை 999 ஆண்டு என்று மாற்றியிருந்தார்கள். ஒரு ஒன்பதைக் கூடுதலாக எழுதினால் ஒன்பது நூற்றாண்டு. கணக்குப்படி 2914 வரைக்கும் ஆகிறது. போக விரும்பிய வெள்ளைக்காரர்களிடமிருந்து நிலத்தை விலைக்கு வாங்கத்தான் வேண்டும் என்று ஏற்பாடு. விலை கொடுக்க பிரிட்டனும் உலக வங்கியும் கடன் தந்தன. கடனைக் கட்டியது கென்யாக்காரன். அரைப் பென்னிக்குப் போன பாட்டன் நிலத்தை, வட்டியும் முதலுமாகக் கட்டி மீட்டான். மீட்க முடிந்தவன் மீட்டான் என்று சொல்ல வேண்டும்; நல்ல நிலம் பல இடத்தில் புதிய துரைமார்களுக்குப் போயிற்று, அவர்கள் நிறம் மட்டும் வேறு. 2004இல், 1904 ஒப்பந்தத்துக்கு நூறாண்டு முடிந்ததென்று மாசாய் மேய்ப்பர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு லைக்கிப்பியாப் பண்ணைகளுக்குள் நுழைந்தார்கள். 99 ஆண்டு அல்ல, 999 என்றது சுதந்திர கென்ய அரசாங்கம். போலீஸ் சுட்டது. ஒரு முதியவர் செத்தார். வெளிநாட்டார் குத்தகை 99 ஆண்டைத் தாண்டக் கூடாது என்று எழுத 2010 அரசியல் சட்டம் வரவேண்டியிருந்தது.

டெலமியர் குடும்பம் போகவில்லை. சொய்சாம்பு இருக்கிறது, 48,000 ஏக்கர். இப்போது அது வனவிலங்குக் காப்பகம். சிங்கம் சுட வந்தவரின் சந்ததி சிங்கத்தைக் காப்பாற்றுகிறது. காசு கொடுத்தால் நீங்களும் போய்ப் பார்க்கலாம். 2005இல் அங்கே விசாரணைக்கு வந்த ஒரு மாசாய் வனத்துறைக் காவலரைப் பிரபுவின் கொள்ளுப்பேரன் சுட்டுக் கொன்றார். கொள்ளைக்காரர் என்று நினைத்தேன் என்றார். அரசாங்கமே வழக்கை வாபஸ் வாங்கியது. ஓராண்டுதான் போனது. 2006இல் அதே பண்ணையில் அதே கொள்ளுப்பேரன் சுட்டு இன்னொருவர் செத்தார், ஒரு கல்தச்சர். நாய்களைத்தான் சுட்டேன் என்றார் கொள்ளுப்பேரன். மூன்று ஆண்டு விசாரணைக் கைதியாக இருந்தார். பிறகு நோக்கமில்லாக் கொலை என்று தீர்ப்பு, அதற்கு மேலே 8 மாதம் சிறை. கல்தச்சர் அந்தப் பண்ணைக்குள் வந்தது எதற்கு என்று அப்போது எல்லோரும் கேட்டார்கள். அத்துமீறி நுழைந்தாராம்.

நைரோபியிலிருந்து பெயர்த்த சிலையையும் சொய்சாம்புக்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். வெண்கலப் பிரபு அங்கே ஒரு குன்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். தூரத்திலிருந்து பார்த்தால் குன்று மல்லாந்து படுத்த மனிதன் மாதிரி தெரியும். ‘தூங்கும் வீரன்’ என்று அதற்கு ஒரு பெயர். குடியேறிகளின் கண்ணுக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. அவர்கள் வைத்த பெயர் ‘டெலமியரின் மூக்கு’. வழிகாட்டிகள் பயணிகளுக்கு இரண்டு பெயரையும் சொல்கிறார்கள்.